எர்த்சீ தீவுகளுக்குள் நுழைவது எப்படி: குமரிக் கரையிலிருந்து ஒரு வாசக வழிகாட்டி

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் (1929–2018) படைத்த எர்த்சீ என்னும் தீவுலகத்தை முதன்முறையாக வாசிக்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தமிழ்வழியில் படித்து, ஆங்கில நாவல் ஒன்றையும் இதுவரை முடித்திராத, ஆனால் கதை கேட்டே வளர்ந்த குமரி மாவட்டத்து இளையவர்கள்தாம் என் மனக்கண்ணில் இருக்கிறார்கள். என்னிடம் இந்த நூல்களை இரவல் வாங்கிச் சென்றவர்களில் பலர் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டாமல் திருப்பித் தந்தார்கள். பெயர்கள் மிகுதி, சண்டைகள் குறைவு என்பதே அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பெயர்களே இந்த உலகத்தின் வாசற்படி என்பதைச் சொல்லாமல் நூலை மட்டும் கையில் கொடுத்தது என் பிழை என்று பின்னர்தான் உணர்ந்தேன். அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

முதலில், எந்த நூலில் தொடங்குவது என்ற கேள்வி. 1968-ஆம் ஆண்டு வெளிவந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' என்ற நாவலிலேயே தொடங்க வேண்டும். வேறு எதிலும் தொடங்கக் கூடாது. இது பத்தே அத்தியாயங்கள் கொண்ட சிறிய நூல். எல்லா நாவல்களையும் கதைகளையும் ஒன்றாகக் கட்டி, சார்லஸ் வெஸ் வரைந்த ஓவியங்களோடு 2018-இல் வெளியிட்ட பெருந்தொகுதி மிக அழகானது. ஆனாலும் முதல் வாசிப்புக்கு அது ஏற்றதன்று. அதன் கனமே புதியவரை மலைக்க வைத்துவிடும். பேருந்தில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும்போது ஒரு கையில் பிடித்து வாசிக்கக்கூடிய தனிப்பதிப்பே போதும். நாளொன்றுக்கு அரை அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரத்துக்குள் முடித்துவிடலாம். அதைவிட வேகமாக வாசிக்கக் கூடாது என்பதே என் கருத்து.

இரண்டாவதாகச் செய்ய வேண்டியது, முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பு நிலப்படத்தின் முன் கால்மணி நேரம் உட்காருவது. லெ குவின் இந்த நாவலை எழுதத் தொடங்கியபோது கதையை யோசிப்பதற்கு முன் படத்தைத்தான் வரைந்தார். ஒரு பெரிய தாளில் தீவுகளை வரைந்து, அவற்றுக்குப் பெயரிட்டு, அதன் பிறகே தம் நாயகனை அந்தக் கடலில் பயணம் போக விட்டார். ஆகவே நிலப்படம் இங்கே நூலுக்கு ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. கதை அதிலிருந்துதான் முளைத்தது. நீங்களும் ஒரு வெள்ளைத்தாளில் அதைப் பார்த்து வரையுங்கள். வடகிழக்கே கான்ட் என்னும் மலைத்தீவு, நடுவே ரோக் என்னும் மந்திரக்கல்வித் தீவு, மேற்கின் விளிம்பில் டிராகன்கள் வாழும் பாறைகள், கிழக்கே கார்காடு மக்களின் பெருந்தீவுகள் ஆகியவற்றை மட்டும் முதலில் குறித்தால் போதும். கதை செல்லச் செல்ல மற்றத் தீவுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். நாயகன் போன வழியைச் சிவப்பு மையால் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். எட்டாம் அத்தியாயத்துக்கு வரும்போது அந்தக் கோடு திரும்பி ஓடுவதை நீங்களே காண்பீர்கள். அதுவரை துரத்தப்பட்டவன் அங்கிருந்து துரத்துகிறவன் ஆகிறான்.

மூன்றாவது படியில் நான் சற்று அதிகமாக நிற்க வேண்டியிருக்கிறது. எர்த்சீயில் மந்திரம் என்பது கோலைச் சுழற்றுவதிலோ மருந்தைக் காய்ச்சுவதிலோ இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆதிமொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவன் அந்தப் பொருளை ஆள முடியும். மனிதருக்கும் அப்படியே. குழந்தைப் பருவத்துப் பெயர் ஒன்று, ஊரார் அழைக்கும் வழக்குப்பெயர் ஒன்று, பதின்மூன்று வயதளவில் மந்திரவாதி ஒருவர் காதோடு சொல்லும் உண்மைப் பெயர் ஒன்று. உண்மைப் பெயரை, உயிரையே ஒப்படைக்கத் துணிந்த ஒருவரிடம் மட்டுமே சொல்வார்கள். நாயகனின் இளமைப்பெயர் டியூனி; வல்லூறுகள் அவன் கைக்கு இறங்கி வந்ததால் ஊரார் இட்ட பெயர் ஸ்பாரோஹாக்; ஓகியன் என்னும் ஆசான் குளிர்ந்த ஓடையைக் கடக்கச் செய்து அளித்த உண்மைப் பெயர் கெட். இதன் முதலெழுத்தை 'கங்கை' என்பதிலுள்ள முதலெழுத்துப் போல மென்மையாக ஒலிக்க வேண்டும்.

ஒரு குறிப்பேட்டை எடுத்து, நடுவே கோடிட்டு, இடப்பக்கம் வழக்குப்பெயரையும் வலப்பக்கம் உண்மைப் பெயரையும் எழுதி வாருங்கள். வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். நண்பன் வெச் தன் உண்மைப் பெயரைக் கெட்டிடம் சொல்லும் இடத்தில் அந்த வெற்றிடத்தில் ஒரு பெயரை எழுதுவீர்கள் அல்லவா, அப்போது அந்தக் காட்சியில் நடந்தது எத்தனை பெரிய செயல் என்பது உங்கள் கைக்கே தெரியும். நான் முதல் தடவை வாசித்தபோது இந்த ஏற்பாடு இல்லாமல் அந்தப் பக்கத்தை வெறும் விடைபெறும் காட்சியாக எண்ணிக் கடந்து போனேன். இரண்டாம் முறை எழுதிக்கொண்டே வாசித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

ரோக் தீவின் ஒதுக்குப்புறக் கோபுரத்தில் குர்ரெம்கர்மெர்ரக் என்னும் பெயராசான் மாணவர்களுக்கு நாள்முழுதும் பெயர்ப்பட்டியல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். புதிய வாசகர் அலுத்துக்கொள்ளும் இடமும் இதுவே. கடல் முழுவதையும் அமைதிப்படுத்த நினைக்கும் மந்திரவாதி 'கடல்' என்ற ஒற்றைச் சொல்லைச் சொன்னால் போதாது. அதன் ஒவ்வொரு விரிகுடாவையும் நீரிணையையும் துண்டையும் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும் என்பது அங்கே கற்பிக்கப்படும் பாடம். ஆகவே எல்லையற்ற ஆற்றல் எவருக்கும் வாய்க்காது. தனக்கு அருகில் இருப்பதை, தான் முழுமையாக அறிந்ததை மட்டுமே ஒருவர் ஆள முடியும்.

இந்தப் பகுதியை வாசிக்கும் குமரி வாசகர் ஒருநாள் முட்டத்துக்கோ கடியப்பட்டணத்துக்கோ போய், வலை பொத்துகிற முதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். கருவிகள் வருவதற்கு முன்பு, கரையிலிருக்கும் மலையையும் கோயில் கோபுரத்தையும் தேவாலய உச்சியையும் ஒன்றுக்கொன்று நேர்ப்படுத்திக் 'கணியம்' பார்த்து, நீருக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டான பாரை மிகச் சரியாகக் கண்டடைந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயருண்டு. காற்றுக்குக் கச்சான், வாடை, கொண்டல் என்று தனித்தனிப் பெயருண்டு. அப்படி ஒருவரிடம் நான் "கடலை எப்படித் தாத்தா அடையாளம் வைப்பீர்கள்?" என்று கேட்டபோது அவர், "மக்களே, கடலுன்னு பொத்தாம்பொதுவா ஒண்ணு கிடையாது. எந்தப் பாரு, எந்த ஆழம், எந்தக் காத்து, அதைச் சொல்லு" என்றார். பெயராசான் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் இதுதான். அன்று மாலை அந்த அத்தியாயத்தை மறுபடியும் எடுத்தேன். பட்டியல் என்று தோன்றிய பகுதி, நேரில் கேட்ட குரல்போல ஒலித்தது.

ஆதிமொழியின் சொற்களையும் அதே குறிப்பேட்டில் எழுதுங்கள். 'சுக்' என்றால் இறகு. 'இனியென்' என்றால் கடல். இரண்டும் சேர்ந்த 'சுக்கியென்' என்பது நுரையைக் குறிக்கும். கடலின் இறகு நுரை. ஆனால் அதுவும் வழக்குச்சொல்லே. நுரையின் உண்மைப் பெயர் 'எஸ்ஸா' என்று நூல் மேலும் ஓர் அடி உள்ளே அழைத்துச் செல்கிறது. இத்தகைய இடங்களில் நின்று, அந்தச் சொல்லை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

வாய்விட்டு வாசிப்பதையே நான்காவது படியாகச் சொல்வேன். லெ குவினின் ஆங்கிலம் கண்ணுக்காக எழுதப்பட்டதைவிடக் காதுக்காக எழுதப்பட்டது. வாக்கியங்கள் நீளமானவை, சொற்கள் எளியவை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகும். ஒரு பக்கத்துக்கு மூன்று சொற்களுக்கு மேல் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாய்மரம், சுக்கான், அணியம் போன்ற படகுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அவை கடைசிவரை திரும்பத் திரும்ப வரும்.

கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கொடையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் கதையின் முடிவு முன்பே தெரியும். தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் விடிய விடியக் கேட்கிறோம். இந்த நாவலின் முதல் பத்தியும், கெட் பிற்காலத்தில் டிராகன்களோடு பேசும் தலைவனாகவும் தலைமை மந்திரவாதியாகவும் விளங்கினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. அவன் புகழைப் பாடும் பாட்டு ஒன்று பல தீவுகளில் பாடப்படுகிறது. இங்கே சொல்லப்போவது புகழுக்கு முந்திய கதை என்கிறார் ஆசிரியர். ஆகவே 'அவன் பிழைப்பானா' என்ற பதற்றத்தோடு வாசிக்க வேண்டியதில்லை. பாட்டில் விடுபட்டுப்போனது எது, அது ஏன் விடுபட்டது என்று கவனித்துக்கொண்டே போகலாம். அதற்கான விடை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நான் இங்கே எழுதமாட்டேன்.

ஐந்தாவதாக, மழை பெய்யும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஓகியனும் சிறுவன் கெட்டும் மலைவழியே நடந்து போகும்போது மழை பிடிக்கிறது. மேகத்தை வேறு பக்கம் தள்ளிவிடும் ஆற்றல் ஓகியனுக்கு உண்டு. ஆயினும் அவர் ஒரு மரத்தடியில் பேசாமல் படுத்துக்கொள்கிறார். மழையில்கூட நனையாமலிருக்கப் பயன்படாத ஆற்றலால் என்ன பயன் என்று சிறுவன் நனைந்தபடி பொருமுகிறான். இந்த உலகத்தின் அறம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடத்தில் வறட்சி உண்டாகலாம். ஒரு சிறு கல்லை உண்மையாகவே வேறொன்றாக மாற்றினால் உலகமே அந்த அளவுக்கு மாறிப்போகும். இந்தச் சமநிலையை ரோக்கின் ஆசான்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஓகியன் ஒன்றும் சொல்லாமல் மழையில் படுத்துக் காட்டுகிறார். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆகிய இரண்டும் மழை தருகிற மாவட்டம் நம்முடையது. ஆனிச் சாரலிலோ ஐப்பசி அடைமழையிலோ திண்ணையில் உட்கார்ந்து இந்த அத்தியாயத்தை வாசிக்க முடிந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் லோ டார்னிங் என்னும் எளிய மீனவத் தீவுகளின் ஊர் மந்திரவாதியாகக் கெட் குடியேறுகிறான். அங்கே படகு கட்டும் பெச்வாரி அவனுடைய தோழனாகிறான். கெட் அவனுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க, அவன் கெட்டுக்குப் படகு கட்டவும் ஓட்டவும் கற்றுத்தருகிறான். பெச்வாரியின் சிறு மகன் காய்ச்சலில் கிடக்கும் இரவு நூலின் மிக வேதனையான பக்கங்களுள் ஒன்று. டிராகன் எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் இந்த இரவைத் தாவிச் சென்றுவிடுகிறார்கள். டிராகனைவிட இந்த இரவே முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். அதுபோலவே எட்டாம் அத்தியாயத்தில், ஒரு மணல்திட்டில் யாருமற்று வாழும் இரண்டு முதியவர்களைச் சந்திக்கும் பகுதியையும் தாவக் கூடாது. அந்த மூதாட்டி கெட்டிடம் கொடுக்கும் சிறிய உடைந்த பொருளைக் குறிப்பேட்டில் தனியாக அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த நாவல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முகங்களைக் கற்பனை செய்வதைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆங்கில மிகுபுனைவு என்றதும் வெண்ணிற முகங்களையே மனம் வரைந்துகொள்ளும். இங்கே கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெச் கருமை நிறைந்த பழுப்பு நிறத்தவன். தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலோர் அப்படியே. வெண்ணிறத்தவர் கிழக்கத்திய கார்காடு மக்கள் மட்டுமே. லெ குவின் இதைத் திட்டமிட்டுச் செய்தார்; ஆனால் முழக்கமிட்டுச் சொல்லாமல் போகிற போக்கில் சொன்னார். நீண்டகாலம் அட்டைப்படங்கள் கெட்டை வெள்ளையனாகவே வரைந்துவந்தது அவருக்கு வருத்தம் தந்தது. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை நடிகர் ஒருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்றபோது அவர் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். ஆகவே அட்டைப்படத்தை மறந்துவிட்டு, உங்கள் தெருவில் நடந்துபோகிற ஒருவரின் முகத்தைக் கெட்டுக்குக் கொடுங்கள். அதுவே மூலத்துக்கு நெருக்கமானது. அந்தத் தொடரையும், 2006-இல் கோரோ மியாசாகி இயக்கிய ஜப்பானிய அசைவூட்டப் படத்தையும் நூல்களை முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த உலகத்தின் ஒவ்வொரு தீவுக்கும் தனி வழக்கம், தனிச் சடங்கு, தனி உணவு என்று அமைந்திருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: லெ குவினின் தந்தை ஆல்ஃபிரெட் குரோபர் கலிஃபோர்னியப் பழங்குடிகளின் பண்பாட்டை ஆராய்ந்த மானிடவியலாளர், தாய் தியோடோரா குரோபர் யாஹி இனத்தின் கடைசி மனிதரான இஷியைப் பற்றி 1961-இல் புகழ்பெற்ற நூலை எழுதியவர். மக்களின் வாழ்க்கைமுறைகளை உற்றுநோக்கும் வீட்டில் வளர்ந்தவர் அவர்.

முதல் நூலை முடித்தவுடன் இரண்டாவதை எடுக்காமல் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். 1971-இல் நூலாக வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' முற்றிலும் வேறுபட்ட காற்றில் நடக்கிறது. ஏறக்குறைய கடைசிவரை கடல் இல்லை, பாலைநிலமும் அதன் அடியில் இருண்ட சுரங்கப்பாதைகளும் மட்டுமே. டெனார் என்னும் சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, பெயரைப் பறித்து, பெயரற்ற தெய்வங்களுக்குப் பூசாரிணி ஆக்கிவிடுகிறார்கள். பெயர்களாலான உலகில் பெயரை இழப்பது என்னவென்று முதல் நூல் கற்றுக்கொடுத்திருப்பதால், இங்கே முதல் அத்தியாயமே நெஞ்சை அடைக்கும். கெட் நூலின் நடுப்பகுதியில்தான் தோன்றுகிறான். அவனைத் தேடிப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். சிதறால் மலைக்குகைக்குள்ளோ திருநந்திக்கரைக் குடைவரைக்குள்ளோ வெயிலிலிருந்து நுழைந்து, கண் இருளுக்குப் பழகும்வரை நின்றிருப்பவர்களுக்கு இந்த நூலின் இருட்டு எளிதில் பிடிபடும்.

மூன்றாவது நூல் 1972-இல் வந்த 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்'. சாவைப் பற்றிய நூல் இது. மனம் தளர்ந்திருக்கும் காலத்தில் வாசிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் நம் மாவட்டத்தைச் சிதைத்துப் போட்டபோது, பல நாட்கள் மின்சாரம் இல்லாத வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இதை வாசித்தேன். கடலுக்குப் போனவர்கள் திரும்புவதற்காகக் கரையூர்கள் காத்துக் கிடந்த நாட்கள் அவை. சாவை இல்லாமலாக்கிவிடத் துடிக்கும் ஒருவனால் உலகத்தின் ஒளியும் பாட்டும் பெயர்களும் வடிந்துபோவதைச் சொல்லும் இந்தக் கதை அப்போது எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் அழுவதற்கு ஓர் இடம் தந்தது. அடுத்த ஜனவரியில் லெ குவின் மறைந்த செய்தி வந்தபோது அந்த நூல் இன்னும் தலையணை அருகிலேயே கிடந்தது. தளர்ந்த காலத்தில் வாசிக்கலாம். ஆனால் வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கும்போது வாசியுங்கள்.

அதன் பிறகு வருவது 1990-இன் 'டெஹானு'. இடையில் கழிந்த பதினெட்டு ஆண்டுகளை வாசகரும் ஓரளவு உணர வேண்டும் என்பதால் முதல் மூன்று நூல்களுக்கும் இதற்கும் நடுவே சில மாதங்களாவது விடுங்கள். முதல் மூன்று நூல்களில் ஆண்களின் கையிலிருந்த இந்த உலகத்தை, ஒரு பண்ணைவீட்டுக் கைம்பெண்ணின் அடுக்களையிலிருந்து ஆசிரியர் மறுபடியும் பார்க்கிறார். டெனார் இப்போது நடுவயதுப் பெண்; தீயில் கருகிய ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். மந்திரப் போர்களை எதிர்பார்த்தவர்கள் இதைக் குறைகூறுவார்கள். எனக்கு எல்லாவற்றிலும் இதுவே பெரிய நூல். 2001-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' சிறுகதைத் தொகுதியை அடுத்தும், அதே ஆண்டு வந்த 'தி அதர் விண்ட்' நாவலைக் கடைசியாகவும் வாசிக்க வேண்டும். அந்தத் தொகுதியிலுள்ள 'டிராகன்ஃப்ளை' என்ற கதையை வாசிக்காமல் கடைசி நாவலுக்குப் போகக் கூடாது.

'டெஹானு'வை முடித்த அன்றே குறிப்பேட்டை மூடிவிடாமல் இன்னும் ஒன்று செய்யுங்கள். அந்த நூலில், ஆற்றலெல்லாம் இழந்துவிட்ட கெட், கான்ட் மலைமேல் ஆடு மேய்க்கப் போகிறான். முதல் நூலின் முதல் அத்தியாயத்தை எடுத்து, ஏழு வயதுச் சிறுவன் டியூனி தான் கேட்டுவைத்த மந்திரச் செய்யுளை விளங்காமலேயே உரக்கக் கத்த, ஆடுகளெல்லாம் ஓடிவந்து அவனை நெருக்கி மொய்த்துக்கொள்ளும் பக்கத்தை மறுபடியும் வாய்விட்டு வாசியுங்கள். அதே மலை, அதே ஆடுகள். உங்கள் நிலப்படத்தின் சிவப்புக்கோட்டைக் கான்ட் தீவில் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய நேரம் அது.